33 வருஷமும் 16 நாளும்: ஐம்பதில் ரெகுலர் எம்.ஏ. சேரலாமா?

கேள்வி, 2024 ஜூன் 11

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கேட்கிறேன். வயது 46. பி.ஏ. வரலாறு அஞ்சல் வழியில் முடித்து இருபது வருஷமாகிறது. இப்போது தினமும் கல்லூரிக்குப் போய் ரெகுலராக எம்.ஏ. படிக்க ஆசை. வீட்டில், "அதே தபால்ல படிக்க வேண்டியதுதானே, இந்த வயசுல பெஞ்சுல உக்காந்தா மண்டையில ஏறுமா" என்கிறார்கள். யாராவது படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில், 2024 ஜூன் 11, இரவு

மண்டையில் நன்றாகவே ஏறும். ஏறாமல் அடம்பிடிக்கப் போவது அட்டெண்டன்ஸ்.

நான் +2 முடித்தது 1990. மறு வருஷம் கல்யாணம். 2023 ஆகஸ்டில் எம்.ஏ. தமிழ் முதலாண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, நான் தினசரி வகுப்புக்குப் போவதை விட்டு 33 வருஷம் ஆகியிருந்தது. ஊர் கோட்டையூர். கல்லூரியின் பேர் வேண்டாம், கீழே கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன்.

இந்த 33 வருஷத்தைப் பற்றி அங்கே ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நான் சேர்ந்தது வகுப்பு தொடங்கி 16 வேலை நாள் கழித்து. முதல் பட்டியலில் எனக்கு இடம் வரவில்லை. பி.எட். சேர்க்கை வந்ததும் இரண்டு பெண்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள், அந்தக் காலியிடத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த 16 நாள் என்னைப் படுத்திய பாடு பெரிது.

கணக்கு இதுதான். செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வருகை வேண்டும், அதாவது 68 நாள். மீதி 22 நாள் லீவு எடுக்கலாம். அலுவலகத்தில், நான் சேர்ந்த நாளிலிருந்து எண்ண மாட்டோம், வகுப்பு தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ணுவோம் என்று சொல்லிவிட்டார்கள். சேருவதற்கு முன்னாலேயே நான் 16 நாள் ஆப்சென்ட். மிச்சம் ஆறு. அந்த ஆறு நாளை வைத்துக்கொண்டு செட்டிநாட்டில் ஒரு பொம்பளை நாலு மாசம் ஓட்ட வேண்டும். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்), துக்கம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

2024 ஜூன் 12

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 90 நாளில் 75 சதவீதம் 67 அரை. எங்கள் கல்லூரியில் காலை, மதியம் என்று அரை நாளாகவே எண்ணுகிறார்கள். ஆகவே மிச்சம் ஆறரை. அரை நாள்தானே என்று சிரிக்க வேண்டாம், கேளுங்கள்.

அம்மான் மகன் வீட்டுக் கல்யாணம் 2 நாள். எங்கள் அயித்தை தவறிப்போனது 3 நாள். ஐப்பசி மழையில் நனைந்து காய்ச்சல், இரண்டரை நாள். மொத்தம் ஏழரை. ஆறரைக்கு ஒன்று கூடுதல். கடைசியில் என் வருகை 66 அரை, சதவீதத்தில் 73.9. சனி பகவானே கணக்குப்பிள்ளையாக வந்து உட்கார்ந்த மாதிரி, சரியாக ஏழரையில் மாட்டினேன்.

65க்கு மேல் 75க்குள் இருந்தால் மருத்துவச் சான்று கொடுத்து, அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம். கட்டினேன். அந்தப் பணம் பெரிதில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இதெல்லாம் தேவையாம்மா" என்று கேட்டார், அதுதான் பெரிது. அவருக்கு என் மூத்த மகன் வயது இருக்கும். பதில் எதுவும் சொல்லாமல் ரசீதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நல்ல பதில் பஸ்ஸில் வரும்போது தோன்றியது. வழக்கம்தானே.

2024 ஜூன் 12, மதியம்

சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை மறந்துவிட்டேன். இனிஷியலைப் பாருங்கள். என் மதிப்பெண் சான்றிதழில் அப்பச்சி (அப்பா) இனிஷியல், ஆதாரில் அவுக (வீட்டுக்காரர்) இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பத்திரம் எழுதி வாங்க ஒரு வாரம் போயிற்று. விண்ணப்பத்தில் எமிஸ் எண் (பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற எண்) என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பள்ளி முடித்த காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. அந்தக் கட்டத்தை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, கம்ப்யூட்டர் சென்டர் பையனுக்கும் தெரியவில்லை. கடைசியில் கல்லூரிக்கே நேரில் போய் நிரப்பினோம். சேர்ந்த பிறகு டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (படிப்புக் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற கணக்கு எண்) எடுக்கச் சொல்வார்கள். அது சுலபம், பத்து நிமிஷம்.

அஞ்சல் வழிப் பட்டத்தின் புரொவிஷனல், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், டி.சி. மூன்றும் அசலாகக் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். என்னுடைய டி.சி. இரண்டாம் கட்டு அறையில், கல்யாணப் பட்டுச் சேலைக்கு அடியில் இருந்தது. எலி விட்டுவைத்தது என் அதிர்ஷ்டம்.

2024 ஜூன் 15

இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார்: அஞ்சல் வழிப் பட்டமும் ரெகுலர் பட்டமும் ஒன்றா? ஒன்றுதான். அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. அதே வருஷம் ஏப்ரலில், ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்றும் அனுமதி கொடுத்தது. ஆகவே பட்டம் மட்டும் போதும் என்றால் வீட்டிலேயே இருங்கள். பஸ் பிடிக்க வேண்டாம், அபராதம் கட்ட வேண்டாம்.

இன்னொருவர் தன் ஆத்தா எட்டாவதோடு நின்றவர், நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கலாமா என்கிறார். ஆசைக்குப் படிக்கலாம். ஆனால் 10, +2, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை. வேலை நினைப்பு இருந்தால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதித் தொடங்கச் சொல்லுங்கள். ஆத்தாவுக்கு வேலை எதற்கு என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம், அவரைக் கேளுங்கள்.

2024 ஜூன் 15, இரவு

"வீட்டிலேயே இருங்கள்" என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அஞ்சல் வழியை மட்டம் தட்டுகிற மாதிரி இருக்கிறது. அப்படி நினைத்து எழுதவில்லை. என் பி.ஏ. தமிழே அஞ்சல் வழிதான், 1994 முதல் 1997 வரை. பெரியவன் தவழ்கிற காலம், சின்னவன் வயிற்றில். பாடப் புத்தகம் கட்டாகத் தபாலில் வரும். முகப்பில் இருந்த மாமனார் அதை வாங்கி, பிரிக்காமல் பட்டாலையில் வைத்துவிடுவார்கள். படி என்றும் சொன்னதில்லை, படிக்காதே என்றும் சொன்னதில்லை. அந்தத் தபால் மட்டும் வந்திருக்காவிட்டால் இன்றைக்கு நான் எம்.ஏ.வுக்கு விண்ணப்பமே போட்டிருக்க முடியாது.

பிறகு ஏன் ரெகுலர் என்றால், மூன்று வருஷமும் ஒரு பாட்டைப் பற்றி இன்னொருத்தரிடம் சண்டை போட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

2024 ஜூலை 2

கண்ணாடி விஷயம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த இரட்டைக் கண்ணாடி போடுபவர்கள் கவனிக்கவும். கரும்பலகையைப் பார்க்கத் தலையைத் தாழ்த்த வேண்டும், நோட்டைப் பார்க்க நிமிர்த்த வேண்டும். நாள் முழுக்க நான் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தேன். இலக்கண வகுப்பு சார், இந்த அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது என்று நினைத்து, ஒரு மாதம் என்னைப் பார்த்தே பாடம் நடத்தினார். தொல்காப்பியத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை நடக்கிறது. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. தலை மட்டும் ஆடுகிறது. பின் பெஞ்சுப் பிள்ளைகள், "ஆச்சி, தலையாட்டாதீங்க ஆச்சி, அவரு அடுத்த நூற்பாவுக்குப் போயிருவாரு" என்று கெஞ்சின.

வகுப்பில் எல்லோருக்கும் நான் ஆச்சி. சார்களுக்கு நான் அம்மா. வருகைப் பதிவேட்டில் மட்டும் பேர்.

2024 ஜூலை 3

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் விடாமல் எழுத வேண்டும். வீட்டுக் கணக்கும் பால் கணக்கும் எழுதிய கைக்கு அது பெரிய வேலை. முதல் செமஸ்டர் முதல் தேர்வில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துப்போய், பேனா தானாக நழுவியது. தெரிந்த 10 மார்க் கேள்வியை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு வந்தேன். இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75 என்று பிரித்திருப்பதால் இன்டர்னல் காப்பாற்றியது. அடுத்த செமஸ்டருக்குத் தினமும் விடிகாலையில் வளவில் உட்கார்ந்து, கடிகாரம் வைத்து ஒரு மணி நேரம் எதையாவது எழுதினேன். நன்னூல் தீர்ந்துபோய், கடைசியில் பலகாரச் செய்முறை எல்லாம் எழுதினேன். அந்த நோட்டைப் பிறகு மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். படிப்பால் குடும்பத்துக்கு வந்த முதல் லாபம்.

2024 ஜூலை 20

கொஞ்சம் கோபமாகவே ஒருவர் எழுதியிருக்கிறார்: ஐம்பது வயதில் நீங்கள் போய் உட்கார்ந்தால் ஒரு இளம்பிள்ளையின் இடம் போகிறதே?

என் வகுப்பில் 26 இடம். இரண்டு பேர் விட்டுப்போன காலியிடத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள், இப்போது நாங்கள் இருப்பதே 17 பேர். யாருடைய இடத்தையும் நான் எடுக்கவில்லை.

2024 ஜூலை 21

முழு ராத்திரியும் அந்தக் கேள்வி போகவில்லை. என் வகுப்பில் காலி இருந்தது, அதனால் எனக்கு இது சுலபமான பதில். மருத்துவத்தில் என்ன சொல்வது? 2020இல் ஒடிசாவில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 64 வயதில் நீட் எழுதி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2022இல் நீட்டுக்கு இருந்த உச்ச வயதையே எடுத்துவிட்டார்கள். அவரைப் பற்றிப் படித்தபோது கை தட்டினேன். என் பேரன் ஒரு மார்க்கில் இடத்தை விட்டிருந்தால் தட்டியிருப்பேனா என்பது வேறு. 2017இல் பீகாரில் 98 வயதில் ஒருவர் எம்.ஏ. பொருளாதாரம் தேறினார். அது திறந்தநிலைப் பல்கலைக்கழகம், யாருக்கும் இடிக்கவில்லை. ஆகவே கோபப்பட்டவருக்குப் பாதி சரி என்று ஒத்துக்கொள்கிறேன். பாதிதான்.

2024 ஆகஸ்ட் 9

படித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு உச்ச வயது கிடையாது. உதவித்தொகைக்கு மட்டும்தான் வயது வரம்பு. எழுதிப் பார்க்கப் போகிறேன். தேறினால் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள்.

2024 செப்டம்பர் 1

வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் என்று கோட்டையூரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1947இல் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கியதையும், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததையும் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கே தெரியும். ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களும் இதே ஊரிலிருந்துதான் சென்னைக்குப் போயின. நான் சொல்ல வந்தது அவர்களை இல்லை. வகுப்பில் இந்த வாரம் தமிழறிஞர் வ.சுப. மாணிக்கனாரைப் பற்றிப் பேச்சு வந்தது.

மேலைச்சிவபுரிக்காரர். சின்ன வயதிலேயே பர்மாவுக்கு வட்டிக்கடை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லு என்றார்களாம். சொல்ல மாட்டேன் என்று வேலையை இழந்து ஊர் திரும்பியவர் என்று கதை. அதற்குப் பிறகுதான் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியாரிடம் தமிழ் கேட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு காரைக்குடி அழகப்பா கல்லூரி முதல்வர், மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தப் பண்டிதமணியே மகிபாலன்பட்டித் திண்ணைப் பள்ளியில் சில மாதம் மட்டும் படித்துவிட்டு, பதினோரு வயதில் இலங்கைக்குக் கடைக்குப் போனவர்தான். பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

எங்கள் பக்கத்து ஆம்பளைகள் பெட்டியடியில் உட்கார்ந்துவிட்டுத் தாமதமாகப் படிக்கப் போனால் அது வரலாறு. பொம்பளைகள் அடுப்படியில் நின்றுவிட்டுப் போனால், "இந்த வயசுல எதுக்கு".

2024 செப்டம்பர் 2

திருத்தம். மாணிக்கனார் துணைவேந்தராக இருந்தது 1979 முதல் 1982 வரை. அப்போது அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1978இலேயே பேர் மாற்றிவிட்டார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி சுட்டிக்காட்டினாள். அவளுக்கு வயது 21. என் நோட்டைப் பார்த்து எழுதுகிறவள்தான், ஆனால் பிழையை மட்டும் எழுத மாட்டாள்.

2024 அக்டோபர் 17

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்வெட்டு வகுப்பு. நிலதானம் பற்றிய ஒரு கல்வெட்டின் நகல். நிலத்தின் அளவு குறியீட்டில் இருக்கிறது. சார் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் குறி தெரியும். எங்கள் ஐயா (தாத்தா) கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன காலத்துப் பேரேடுகள் ஆயா வீட்டில் கட்டுக் கட்டாக இருந்தன. லீவுக்குப் போனால் எங்களை உட்கார வைத்து அதைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். கூட்டல் தப்பினால் சாயங்காலம் சீயம் கிடையாது.

"மாகாணி சார்" என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். எழுந்து போய்ப் பலகையில் எழுதினேன். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. மா என்பது நாலு காணி. அதோடு ஒரு காணி சேர்ந்தால் ஐந்து காணி, எண்பதில் ஐந்து, பதினாறில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்ததால் மாகாணி. இரண்டரை மா சேர்ந்தால் அரைக்கால், எட்டில் ஒன்று. காணியை நாலாக வெட்டினால் முந்திரி, 320இல் ஒன்று. சாக்பீஸ் உடைந்தது, வேறொன்று கொடுத்தார். வகுப்பு முழுக்க எழுதிக்கொண்டது. நான் பலகையில் எழுதி யாரோ பார்த்து எழுதிக்கொள்வது என் ஆயுசில் முதல் தடவை. கீழே வந்து உட்கார்ந்த பிறகுதான் முந்தானை முழுக்கச் சுண்ணாம்பாக இருப்பதைக் கவனித்தேன். வீடு வரும்வரை தட்டவில்லை.

2025 ஜனவரி 8

இந்த வாரம் பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக 21 இழை சேர்த்து, திரித்து, மாவில் வைத்துச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அன்றைக்கு மதியம் இன்டர்னல் தேர்வு. "ஆச்சி, நெருப்பையே முழுங்குறீங்க, தொல்காப்பியத்தை முழுங்க மாட்டீங்களா" என்று பிள்ளைகள் கேலி. 25க்கு 21 வந்தது. இழைக்கு ஒரு மார்க்.

இந்த இழையும் நீண்டுகொண்டே போகிறது. கேள்வி கேட்ட தேவகோட்டை அம்மாவை மட்டும் காணோம்.

2025 மார்ச் 30

அவுகளைப் பற்றி இதுவரை ஒன்றும் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுத ஒன்றும் இல்லை. சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஒரு நாள் மட்டும், கடையிலிருந்து வந்து, "இன்னைக்கு என்ன பாடம் நடந்துச்சு" என்று கேட்டாக. புறநானூறு என்றேன். "நம்ம பிரான்மலைப் பாரியா" என்றாக. ஆமாம் என்றேன். "சரி, ஒரு பாட்டைச் சொல்லு" என்றாக. சொன்னேன். 34 வருஷத்தில் நாங்கள் இருவரும் பேசிய முதல் பாட்டு அது.

2025 ஏப்ரல் 24

ப்ராஜெக்ட் வைவா முடிந்தது. தலைப்பு, எங்கள் பக்கத்துப் பழைய கல்யாண எழுத்துகளில் வரும் சொற்கள். இசைபிடிமானம் (கல்யாண ஒப்பந்த ஏடு), மொய் ஏடு, சீர் சாமான் பட்டியல் என்று ஆயா வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்தவை. இசைபிடிமானத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இசைகுடிமானம் என்பார்கள். எது சரி என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் எங்கள் சாரும் எனக்கு முன்னாலேயே கால் மணி நேரம் வாதாடினார்கள். என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

2025 ஜூலை 11

தேவகோட்டை அம்மா வந்துவிட்டார்! ஒரு வருஷம் யோசித்திருக்கிறார். எம்.ஏ. வரலாறு, இரண்டாம் பட்டியலில் இடம் வந்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும். நேற்று இரவு பேசினோம். சேரும்போது வகுப்பு தொடங்கி எத்தனை நாள் போயிருக்கும் என்றுதான் முதலில் கேட்டேன். நாலு நாள் என்றார். அப்படியானால் மிச்சம் பதினெட்டரை, நீங்கள் பணக்காரி என்றேன்.

ஆவணியில் எத்தனை கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போய், எண்ணிவிட்டு வந்தார். ஏழு. அதில் எது எது மொய் அனுப்பினால் போதும், எதற்கு ஆளே போக வேண்டும் என்று இருவருமாகப் பிரித்து முடிக்கும்போது மணி பதினொன்றரை. கொழுந்தன் மகள் கல்யாணம் ஒன்றுதான் இழுபறி. அது சனிக்கிழமையா, வெள்ளிக்கிழமையா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.